டெவலப்பர் கிடந்து கெடும், ஃபிக்ஸர் உழைத்துத் தேயும்

கேள்வி: ஐயா, என் பெரியப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் காலமான பிறகு அவருடைய 35 மி.மீ. கேமரா என்னிடம் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு மரப்பெட்டியும். பெட்டிக்குள் பாதி நிரம்பிய பாட்டில்கள், டப்பாக்கள், பிலிம் கழுவும் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று, திறக்காத பிரிண்ட் பேப்பர் உறை ஒன்று. மாதம் இரண்டு ரோல் கறுப்பு வெள்ளை எடுக்கிறேன். இனி வீட்டிலேயே கழுவலாம் என்று இணையத்தில் பொருள்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கி, பட்டியல் பத்தொன்பதில் வந்து நிற்கிறது. அதை இணைத்திருக்கிறேன். ஐந்து லிட்டர் டெவலப்பர் பொட்டலம் லிட்டர் கணக்கில் மலிவாக இருக்கிறதே, வாங்கலாமா? பவுடரா, திரவமா? ரசாயனங்களைத் தனித்தனியாக வாங்கி நானே கலந்துகொள்ளலாமா? பெரியப்பாவின் பெட்டியில் எதையாவது பயன்படுத்த முடியுமா?

பதில்:

உங்கள் பட்டியலைப் பேனாவும் கையுமாகப் படித்தேன். பாதிக்கு மேல் அடித்துவிட்டேன், வருத்தப்படாதீர்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் வாங்கிக் குவித்ததைப் பார்த்தால் உங்கள் பத்தொன்பது ஒன்றுமே இல்லை.

முதலில் அந்த ஐந்து லிட்டர் டெவலப்பர் பொட்டலம். பிலிமில் பதிந்த படத்தைக் கறுக்கவைத்துக் கண்ணுக்குக் கொண்டுவரும் கரைசல்தான் டெவலப்பர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். டி-76 என்ற டெவலப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1927இல் கோடாக் கொண்டுவந்தது, இன்றும் மற்ற டெவலப்பர்களை இதோடுதான் ஒப்பிட்டுப் பேசுகிறோம். இல்ஃபோர்டின் ஐடி-11 கிட்டத்தட்ட இதேதான். பவுடரைக் கரைத்து வைக்கும் கரைசலை ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுவது வழக்கம். ஒரு 35 மி.மீ. ரோல் கழுவும் பிளாஸ்டிக் டேங்குக்கு 290 மில்லி வேண்டும். 300 என்று வைத்துக்கொண்டால், ரோலுக்கு 150 மில்லி கரைசல். ஐந்து லிட்டரில் 33 ரோல் வரும். மாதம் இரண்டு என்றால் அது பதினாறு மாதச் சரக்கு. ஆனால் கரைத்த டி-76 கழுத்துவரை நிரம்பிய, இறுக மூடிய பாட்டிலில் ஆறு மாதம்தான் தாங்கும். பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதம். ஆறு மாதத்தில் நீங்கள் செலவழிக்கப்போவது 1.8 லிட்டர். மீதி மூன்று லிட்டருக்கு மேல் சாக்கடைக்கு. மலிவு எங்கே போயிற்று?

சரி, பொட்டலத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நிறுத்துக் கரைத்துவிட்டு மீதியை மூடி வைத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். செய்யாதீர்கள். பொட்டலத்துக்குள் இருப்பது ஒரே பொருள் அல்ல; எடை வேறு, மணி அளவு வேறு என்று நாலைந்து பொருள்கள். லாரியில் குலுங்கி வரும்போதே கனமானது கீழே, லேசானது மேலே என்று பிரிந்துவிடும். மேலாக நீங்கள் அள்ளும் கரண்டியில் எது எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. பவுடர் பொட்டலத்தைத் திறந்தால் முழுவதையும் கரைத்தே ஆகவேண்டும்.

ரசாயனம் வாங்கும்போது நான் மனத்தில் வைத்துக்கொள்ளும் வித்தியாசம் ஒன்றே ஒன்று. டெவலப்பர் கிடந்து கெடுவது. கறுக்காமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் உழைத்துத் தேய்வது. நீங்கள் தொடாவிட்டாலும் டெவலப்பரைக் காற்று தின்றுகொண்டே இருக்கும். ஃபிக்ஸரைத் தின்பது பெரும்பாலும் நீங்கள் கழுவும் பிலிம்தான். இன்னொன்றும் உண்டு. செத்துப்போன டெவலப்பரில் கழுவிய பிலிம் போனது போனதுதான். எந்த மந்திரத்தாலும் திரும்பாது. ஃபிக்ஸர் போதாமல் போனால் நெகட்டிவ் பால்போல் மங்கலாக நிற்கும். புதிய ஃபிக்ஸரில் மறுபடி போட்டு, அலசி, உலர்த்தினால் சரியாகிவிடும். ஆகவே டெவலப்பரைக் கொஞ்சமாக, புதிதாக வாங்குங்கள். ஃபிக்ஸரைத் தாராளமாக வாங்கினாலும் பாதகமில்லை.

உங்களுக்கு என் பரிந்துரை: ஒரு லிட்டர் அளவுள்ள டி-76 அல்லது ஐடி-11 பொட்டலம் ஒன்று. கூடவே 150 மில்லி கொள்ளும் பழுப்புக் கண்ணாடி மருந்துக் குப்பிகள் ஆறு. கரைத்த அன்று, அது அறை வெப்பத்துக்கு ஆறியதும், ஆறு குப்பிகளிலும் காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு தொட நிரப்பி மூடிவிடுங்கள். ஒவ்வொரு குப்பியும் ஒரு ரோல். ஒன்றைத் திறந்தால் முழுவதையும் டேங்குக்கு ஊற்றிவிடுவதால், பாதி காலியான பாட்டில் என்ற பேச்சே எழாது. குப்பி அளவு கிடைக்காமல் போனால் கொஞ்சம் பெரியதை வாங்கி, நன்றாகக் கழுவிய கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை மேலே ஏற்றலாம். துருத்திபோல் மடியும் டெவலப்பர் பாட்டில் ஒன்று உங்கள் பட்டியலில் இருக்கிறது, அதை அடித்துவிட்டேன். அந்தப் பிளாஸ்டிக் வழியாகவே காற்று உள்ளே போகும், மடிப்புகளுக்குள் ஒட்டியதைக் கழுவுவதும் பாடு.

மீதி 100 மில்லியைக் கொட்டிவிடாதீர்கள். அது சோதனைக்கு. வெளிச்சம் பட்ட பிலிம் தலைப்பிலிருந்து விரலளவு துண்டு வெட்டி, அறை வெளிச்சத்திலேயே அதில் போட்டுப் பாருங்கள். நல்ல டெவலப்பராக இருந்தால் துண்டு சாம்பல் நிறமாகி, டெவலப் நேரம் முடிவதற்குள் கரியாகக் கறுத்துவிடும். சோம்பலாகச் சாம்பலிலேயே நின்றால் அந்த டெவலப்பரை நம்பாதீர்கள். முப்பது ஆண்டுகளாகக் கழுவுகிறேன். முக்கியமான ரோல் என்றால் இன்றும் ஒரு துண்டை நனைத்துப் பார்க்காமல் டேங்கில் ஊற்றுவதில்லை. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். டி-76 கெட்டால் பழுப்பேறிக் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்டால் போல வைட்டமின் சி குடும்பத்தைச் சேர்ந்த டெவலப்பர்கள் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தபடியே செத்துக்கிடக்கும்.

பவுடரா, திரவமா என்று கேட்டீர்கள். மாதம் இரண்டு ரோல் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மாதம் ஐந்தும் அடுத்த மூன்று மாதம் ஒன்றுமில்லாமலும் எடுப்பவர்கள். நானும் அப்படித்தான். அப்படிப்பட்டவர்களுக்காகவே 1891இல் ஜெர்மனியில் பிறந்தது ரோடினால். கெட்டியான திரவம், காலப்போக்கில் காப்பி நிறத்துக்குக் கறுத்தாலும் வேலை செய்யும், திறந்து பாதி காலியான பாட்டில்கூட ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஒரு பங்குக்கு ஐம்பது பங்கு தண்ணீர் என்று கலந்தால் ரோலுக்கு 6 மில்லிதான் செலவு. அரை லிட்டர் பாட்டிலில் எண்பது ரோலுக்குக் குறையாமல் வரும். ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று அதற்குத் துணையாக வேண்டும், ஏனென்றால் பெரிய அளவுக்குவளையில் 6 மில்லியை யாரும் சரியாக அளக்க முடியாது. குறை என்னவென்றால், 400 வேகப் பிலிமில், அதாவது குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும் பிலிமில், மணல்போல் துகள் தெரியும். எனக்கு அது பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. முதல் ஆறு ரோல்களை டி-76இலேயே கழுவுங்கள். நடுவில் கேமராவைத் தொடாத மாதங்கள் வருகின்றன என்று தெரிந்தால் அடுத்தது ரோடினால்.

இரண்டு டெவலப்பர்களை ஒரே சமயத்தில் வாங்காதீர்கள். பட்டியலில் நான்கு வைத்திருக்கிறீர்கள். பிலிமும் புதிது, டெவலப்பரும் புதிது, கையும் புதிது என்றால் பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே பிலிம், ஒரே டெவலப்பர், 20 டிகிரி, அட்டவணை சொல்லும் நேரம். எச்.பி.5 பிளஸ் பிலிமை ஒரு பங்குக்கு ஒரு பங்கு ஐடி-11இல் கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம். அந்தப் பதின்மூன்று நிமிடத்தோடு பழகிவிட்டால், மற்றதெல்லாம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

ஃபிக்ஸருக்கு வருகிறேன். அம்மோனியம் தயோசல்ஃபேட் கொண்ட, ரேபிட் என்று அச்சிட்டிருக்கும் திரவ ஃபிக்ஸர் வாங்குங்கள். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். அரை லிட்டர் பாட்டில் இரண்டரை லிட்டராகும். ஒரு லிட்டர் சுமார் 20 ரோல் வரை உழைக்கும். இதைக் கொட்டாமல் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். பாட்டிலில் ஒரு பட்டை ஒட்டி, கலந்த தேதியை எழுதி, ரோலுக்கு ஒரு கோடு போட்டுவாருங்கள். கோடுகளைவிட நம்பகமானது கடிகாரம். புதிதாகக் கலந்த அன்று, கழுவாத பிலிம் துண்டு ஒன்றை அதில் போட்டு, பால்நிறம் மறைந்து கண்ணாடிபோல் ஆக எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். 40 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஃபிக்ஸரில் வைக்கும் நேரம் அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்கவேண்டும். டி-மேக்ஸ், டெல்டா போன்ற பிலிம்களுக்கு மூன்று மடங்கு. பிறகு எப்போதாவது அதே வகைத் துண்டு தெளிய 80 விநாடி எடுத்தால், அதாவது முதல் நாள் கணக்கு இரட்டித்தால், அந்த ஃபிக்ஸர் ஓய்வு பெற்றுவிட்டது. அடியில் மஞ்சள் கலந்த வெண் தூள் படிந்தாலும் அப்படியே. அது கந்தகம், வடிகட்டிப் பயன்படுத்த நினைக்கவேண்டாம்.

டெவலப்பரின் வேலையை நிறுத்த இடையில் ஊற்றும் ஸ்டாப் பாத் தனியாக வாங்கவேண்டியதில்லை. பிலிமுக்கு இரண்டு மூன்று முறை வெறும் தண்ணீர் மாற்றினாலே போதும். ஃபிக்ஸர் அதிகம் உழைக்கவேண்டும் என்றால் லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துக்கொள்ளுங்கள், வாசனையும் இல்லை. பிலிமில் நீர்த்துளி தங்காமல் வழியவிடும், கடைசி அலசலுக்கான வெட்டிங் ஏஜென்ட் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் கிடைப்பதில் மிகச் சிறிய பாட்டில். கோடாக்கின் ஃபோட்டோ-ஃப்ளோ 200 என்றால் 200 பங்குக்கு ஒரு பங்குதான்; 300 மில்லிக்கு 1.5 மில்லி. காய்ச்சி வடித்த நீரில் கலந்து, பிலிமை ரீலிலிருந்து (டேங்குக்குள் பிலிமைச் சுற்றி வைக்கும் சுருள்) கழற்றிய பிறகு நனையுங்கள். ரீலோடு முக்கினால் சில மாதங்களில் பிளாஸ்டிக் பிசுபிசுத்து, அடுத்த பிலிம் பாதி வழியில் சிக்கி நிற்கும். பிலிமிலிருந்து தண்ணீரை வழிக்கும் ரப்பர் இடுக்கியும் பட்டியலில் இருக்கிறது. ஒரு மணல்துகள் அதில் ஒட்டியிருந்தால் போதும். 36 படங்களிலும் நீளவாக்கில் ஒரே கோடு. அடித்துவிட்டேன். பிலிம் உலர்த்தும் மின்பெட்டி, ஹார்டனர், பிலிமுக்கான ஹைப்போ கிளியர், இவையும் போயின.

இப்போது தனித்தனி ரசாயனங்கள். இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

நாமே நிறுத்துக் கலப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. டி-76இன் செய்முறை ஒன்றும் ரகசியம் இல்லை: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். உங்கள் பெரியப்பா காலத்து ஸ்டூடியோக்காரர்கள் பலர் இதைத் தராசில் நிறுத்துத்தான் கலந்தார்கள். இதைவிட எளியது டி-23, மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், அவ்வளவுதான். தேவைப்படும்போது தேவைப்படும் அளவு கலந்துகொள்ளலாம் என்பதால் கிடந்து கெடும் தொல்லை இல்லை. காற்றுப் புகாமல் மூடிய உலர்ந்த பவுடர்கள் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும். பெரும்பாலான சூத்திரங்களில் மெட்டாலைத்தான் முதலில் கரைப்பார்கள். சல்ஃபைட் அடர்த்தியாக இருக்கும் நீரில் அது கரைய மறுக்கும். மெட்டால் காற்றுப்பட்டுப் பழுப்பேறாமலிருக்க ஒரு சிட்டிகை சல்ஃபைட்டை முன்னால் போடுவது பழைய ஆட்களின் பழக்கம்.

சிக்கல் கலப்பதில் இல்லை, பெயரில் இருக்கிறது. சோடியம் சல்ஃபைட், சோடியம் சல்ஃபேட், சோடியம் சல்ஃபைடு. தமிழில் எழுதினால் முதலுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. காதில் விழும்போது அதுவும் இல்லை. முதலாவது டெவலப்பரைக் காற்றிலிருந்து காப்பது. இரண்டாவது நமக்கு உதவாத உப்பு. மூன்றாவது பழுப்பு நிற டோனிங்குக்கு ஆகும், ஆனால் அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு நச்சு வாயு கிளம்பும். ஆரம்ப காலத்தில் நான் தொலைபேசியில் சல்ஃபைட் கேட்டேன். வந்து சேர்ந்தது சல்ஃபேட். இரண்டும் வெள்ளைத் தூள். உறையைப் படிக்காமல் நூறு கிராம் நிறுத்துப் போட்டு, பெருமையாக ஒரு லிட்டர் கலந்து வைத்தேன். மறுநாள் காலை பாட்டில் தேநீர் நிறத்தில் நின்றது. பிலிம் துண்டு போட்டேன்; ஊறியது, கறுக்கவில்லை. நான் சொன்ன அந்தத் துண்டுச் சோதனைப் பழக்கம் அன்று தொடங்கியதுதான். ஆகவே ரசாயனத்தைப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், முடிந்தால் வாய்பாட்டோடு. வந்த உறையை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

அடுத்த பொறி, நீர் சேர்ந்ததா சேராததா என்பது. ஒரே பெயரில் நீரற்ற தூளாகவும் நீர் பிணைந்த படிகமாகவும் விற்பார்கள். ஹைப்போ என்னும் பழைய ஃபிக்ஸர் உப்பின் படிகம் 250 கிராம் என்று ஒரு சூத்திரம் சொன்னால், நீரற்ற தூளில் அது சுமார் 160 கிராம். சலவைச் சோடாவிலும் இதே கதை: நீரற்ற கார்பனேட் 1 கிராமுக்கு, பெரிய படிகமாக இருப்பது 2.7 கிராம் வேண்டும். சலவைச் சோடாவுக்குப் பதில் சமையல் சோடாவைப் போட்டுவிட்டு டெவலப்பர் வேலை செய்யவில்லை என்று எழுதியவர்களும் உண்டு. அவை வேறு வேறு பொருள்கள். தூய்மையைப் பொறுத்தவரை, ஆய்வகத் தரத்துக்குக் காசு கொட்டவேண்டாம். புகைப்படத் தரம் என்று போட்டிருந்தால் போதும். தொழிற்சாலைத் தரத்தில் வரும் சல்ஃபைட் எப்படி இருக்கும் என்று சொல்லமுடியாது, நான் வாங்குவதில்லை.

என் தீர்ப்பு: முதல் ஆண்டு தயாராக வரும் பொட்டலமே வாங்குங்கள். கையோட்டம் வந்த பிறகு டி-23இல் தொடங்குங்கள். இரண்டு டப்பாதானே.

எதை வாங்கினாலும் பார்சலைப் பிரித்த அன்றே சோதியுங்கள். பவுடர் பொட்டலம் கல்லாக இறுகியிருந்தாலோ, உள்ளே தூள் வெல்ல நிறத்தில் இருந்தாலோ கரைக்காமல் திருப்பி அனுப்புங்கள். அமிலங்களை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு, திரவங்கள் வழியில் கசியும்; தொலைவிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் பவுடருக்கு முன்னுரிமை கொடுங்கள்.

கருவிகளில், பணத்தை வெப்பமானியில் போடுங்கள். 20 டிகிரிப் பக்கம் சரியாகக் காட்டவேண்டும். ஒரு டிகிரி ஏறினால் டெவலப் நேரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். மூன்று டிகிரி பொய் சொல்லும் வெப்பமானியை வைத்துக்கொண்டு விநாடி பார்த்துக் கழுவுவது வீண்வேலை. பெரியப்பாவின் டேங்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் உள்ளே ரீலைக் கோத்து நிறுத்தும் கறுப்பு நடுத்தண்டு இருக்கிறதா பாருங்கள். அது வெறும் அச்சு அல்ல. மூடியின் புனலோடு சேர்ந்து வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான். பழைய டேங்குகளில் முதலில் தொலைவது அது. இல்லாமல் மூடினால் ரோல் முழுவதும் கறுத்துவிடும். ரீலின் இரு பக்கத்திலும் உள்ள சிறு எஃகுக் குண்டுகள் ஓடுகின்றனவா என்று ஆட்டிப் பாருங்கள். வீணான பிலிம் ஒன்றை வெளிச்சத்தில் பத்துமுறை சுற்றிப் பழகிய பிறகு வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விடுங்கள். ரீல் எலும்புபோல் உலர்ந்திருக்கவேண்டும். ஈரம் துளி இருந்தாலும் பிலிம் நகராது. மற்றபடி ஒரு லிட்டரும் 300 மில்லியும் அளக்க இரண்டு குவளைகள், புனல், நைட்ரைல் கையுறை. துணி கிளிப்பும் கத்தரிக்கோலும் வீட்டில் இருப்பவையே போதும். பிலிம் கிளிப் என்று விலைகொடுத்து வாங்கவேண்டாம்.

கையுறை விஷயத்தில் சிரிக்காதீர்கள். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் கொண்டுவரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அதன் அருகேயே போக முடியாமல் ஆகிவிடும். பவுடரைக் கரைக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரம் எதையும் இருட்டறைக்கு இரவல் வாங்கக் கூடாது. குளிர்பான பாட்டிலில் டெவலப்பரை ஊற்றி வைப்பதை நான் எந்த வீட்டில் பார்த்தாலும் சண்டை போடுவேன். காற்றை நன்றாகத் தடுக்கும் பாட்டில் என்பது உண்மைதான், ஆனால் தாகத்தோடு வரும் குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது. உழைத்து முடிந்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு கேனில் சேர்த்து, வெள்ளி மீட்பவரிடமோ ரசாயனக் கழிவு எடுப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

பிரிண்ட் போடும் பொருள்களும் பட்டியலில் இருக்கின்றன. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் இன்னும் வாங்கவில்லை என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். பிறகு பேப்பர் எதற்கு? நெகட்டிவ்கள் ஒழுங்காக வரட்டும். அப்போது முதலில் பிளாஸ்டிக் பூசிய, கான்ட்ராஸ்ட் மாற்றக்கூடிய பேப்பர், சிறிய அளவில். பேப்பருக்கான டெவலப்பர் தனி. அதே ஃபிக்ஸரை வாங்கலாம், ஆனால் பிலிமுக்குக் கலந்ததைப் பேப்பருக்குப் பயன்படுத்தாமல் தனி பாட்டில் வையுங்கள். எந்தச் சிவப்பு விளக்கையும் விற்பவர் சொல்லை நம்பி ஏற்காதீர்கள். பேப்பருக்கு என்லார்ஜரில் இளஞ்சாம்பல் வரும் அளவு ஒளி காட்டி, மேலே ஒரு நாணயத்தை வைத்து, அந்த விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டுவிட்டுக் கழுவுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு பாதுகாப்பானதல்ல. வண்ணப் பிலிம் கிட்டை இப்போதைக்கு விடுங்கள். வண்ண நெகட்டிவுக்கான சி-41 டெவலப்பர் சுமார் 38 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி கேட்கும். கலந்த பிறகு வாரக்கணக்கில்தான் தாங்கும். ஏழெட்டு வண்ண ரோல்கள் சேர்ந்த பிறகு வாங்கவேண்டிய சரக்கு அது.

கடைசியாக, பெரியப்பாவின் பெட்டி. நீங்கள் எழுதிய விவரத்திலிருந்து சொல்கிறேன். பெயர்ச்சீட்டு இல்லாத எதையும் திறந்து முகர்ந்து பார்க்கவேண்டாம், அப்படியே ஒதுக்கிவிடுங்கள். ஆரஞ்சு நிறப் படிகம் இருக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் பொட்டாசியம் டைகுரோமேட்டாக இருக்கும். புற்றுநோய் வரவழைக்கக்கூடிய பொருள். டப்பாவைத் திறக்காமல் ரசாயனக் கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். மூடி இறுகிய அசெட்டிக் அமில பாட்டிலும் அதோடு போகட்டும். அடர்ந்த அமிலம், தோலைச் சுட்டுவிடும், குளிர்ந்தால் 16 டிகிரிப் பக்கம் பனிக்கட்டிபோல் உறைந்துவிடும். திறந்த டெவலப்பர் பாட்டில்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். மெட்டால் டப்பாவில் தூள் கறுத்த பழுப்பாக இருந்தால் அதுவும் கழிவு. பேப்பர் உறையில் ஒரு தாளை இருட்டில் எடுத்து இரண்டாகக் கிழித்து, ஒன்றை நேராக ஃபிக்ஸரிலும் மற்றதை டெவலப்பர் வழியாக ஃபிக்ஸரிலும் போட்டு ஒப்பிடலாம். இரண்டும் ஒரே வெண்மை என்றால் அதிர்ஷ்டம். இரண்டாவது சாம்பலாக வந்தால் வயதாகிவிட்டது. ஆனால் அந்தச் சோதனையும் என்லார்ஜர் வந்த பிறகுதான்; அதுவரை உறையைத் திறக்காமல் வையுங்கள்.

தகர டப்பாவில் ஹைப்போ என்று பெரியப்பாவின் கையெழுத்தில் எழுதியிருக்கிறது என்கிறீர்கள். வெள்ளிச் சேர்மங்களை இந்த உப்பு கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டார். இருபது ஆண்டு கழித்து, புகைப்படம் பிறந்த 1839இல், படத்தை நிலைநிறுத்த அதையே கொடுத்தார். அன்று அந்த உப்புக்கு வழங்கிய ஹைப்போசல்ஃபைட் என்ற பெயரின் சுருக்கம்தான் அந்த டப்பாவின் மேல் இருப்பது. படிகங்கள் கண்ணாடிபோல் தெளிவாக, உலர்ந்து, கந்தக நாற்றமில்லாமல் இருந்தால் அவை இன்னும் நல்லவைதான். 250 கிராம் நிறுத்து, முக்கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். வெதுவெதுப்பு வேண்டும், ஏனென்றால் ஹைப்போ கரையும்போது பாத்திரம் கையில் சில்லென்று குளிர்ந்துவிடும். பச்சைத் தண்ணீரில் போட்டால் பாதி கரையாமல் அடியில் நிற்கும். பிறகு ஒரு லிட்டராக நிரப்பி, ஒரு பிலிம் துண்டைப் போட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ரேபிட் ஃபிக்ஸரைவிட மெதுவாகத்தான் தெளியும். சில நிமிடத்தில் தெளிந்துவிட்டால், அந்த நேரத்தை இரட்டித்து உங்கள் முதல் ரோலை அதிலேயே நிலைப்படுத்துங்கள். ஃபிக்ஸர் பாட்டில் அடுத்த மாதம் வந்தால் போதும்.